நானோ தொழில்நுட்பப் பட்டப்படிப்பு: தோட்டப்புறப் பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலங்களில் கெடாவின் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்கள் இந்தப் படிப்பைப் பற்றித் தொடர்ந்து கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் நாட்டம் பிறப்பது இயல்புதான். ஆனாலும் ‘நானோ’ என்ற பெயரைக் கண்டதும் விண்ணப்பித்துவிடக் கூடாது. அந்தப் பெயர் எந்த அடிப்படைத் துறையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பிற்பாடு வேலையையும் தொழிற்பதிவையும் தீர்மானிக்கிறது. கீழே உள்ள விடைகளில் பல அந்த ஒரு செய்தியையே சுற்றிவரும்.

நானோ தொழில்நுட்பம் எதைப் பற்றிய படிப்பு?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவில் பொருள்கள் தம் வழக்கமான குணத்தை விட்டு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அந்த நடத்தையைப் புரிந்துகொண்டு, அதைப் பயன்படுத்திக் கருவிகளையும் மருந்துகளையும் மூலப்பொருள்களையும் உருவாக்குவதே இந்தத் துறை.

குணம் ஏன் மாறுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்ட முடிந்தால், மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். வேதிவினை பெரும்பாலும் மேற்பரப்பில் நடப்பதால், அதே எடையுள்ள பொருள் பல மடங்கு வேகமாக வினைபுரிகிறது. இரண்டாவது குவாண்டம் விளைவு. எலக்ட்ரான்கள் மிகச் சிறிய இடத்துக்குள் அடைபடும்போது, துகளின் அளவை மாற்றினாலே அது உமிழும் ஒளியின் நிறமும் மாறிவிடும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இத்தகைய துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகவே 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

துறையின் வரலாறு நீளமானதன்று. அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பொருள் செய்வதைப் பற்றி இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959 டிசம்பரில் ஆற்றிய உரையிலிருந்து அதைத் தொடங்குவது வழக்கம். உண்மையில் கையில் கருவி கிடைத்தது 1981இல்தான். ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிக் ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் இருவரும் உருவாக்கிய வருடு ஊடுருவு நுண்ணோக்கிதான் அணுக்களைத் தனித்தனியாகக் காணவும், பின்னாளில் நகர்த்தவும் வழிசெய்தது. 2004இல் மான்செஸ்டரில், ஓர் அணு தடிமனே உள்ள கரிப்படலமான கிராஃபீனைப் பிரித்தெடுத்த பிறகு துறையில் ஆள் பெருகியது.

பால்மரத்துக்கும் செம்பனைக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. மங்கில் வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். அந்த ரப்பர் சுமார் 100 நானோமீட்டரிலிருந்து சில ஆயிரம் நானோமீட்டர் வரை அளவுள்ள உருண்டைத் துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய படலம் சூழ்ந்திருக்கிறது. அந்தப் படலத்தின் எதிர்மின்னேற்றம்தான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி நிற்கச் செய்கிறது. பாலில் பார்மிக் அமிலம் விட்டால் அந்த மின்னேற்றம் அற்றுப்போய்த் துகள்கள் கூடி உறைகின்றன; அம்மோனியா சேர்த்தால் நாள்கணக்கில் உறையாமல் நிற்கின்றன. இரண்டாம் ஆண்டில் ‘கூழ்ம வேதியியல்’ என்ற தலைப்பின்கீழ் நடத்தப்படும் பாடம் இதேதான். பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னதாகவே பொருள் விளங்கும்.

டயர் கறுப்பாக இருப்பதற்கும் இதே துறைதான் காரணம். ரப்பரோடு கலக்கும் கரிப்பொடியின் அடிப்படைத் துகள் சில பத்து நானோமீட்டர் அளவே இருக்கும். அதைக் கலக்காவிட்டால் டயர் விரைவில் தேய்ந்துவிடும். ‘நானோ’ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தொழிற்சாலைகள் இதைச் செய்துவருகின்றன. கையுறைத் தொழிலில் துத்தநாக ஆக்சைடின் அளவைக் குறைக்க நானோ துகள்களைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த பின் மலையாகக் குவியும் வெற்றுக் குலைகளிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுப்பது மலேசியப் பல்கலைக்கழகங்களில் பலர் எடுத்துக்கொள்ளும் ஆய்வுத் தலைப்பு.

மலேசியாவில் இந்தப் பட்டம் எந்தப் பெயரில் கிடைக்கிறது?

‘நானோ தொழில்நுட்பம்’ என்ற பெயரையே நேராகத் தாங்கிய இளங்கலைப் பட்டங்கள் குறைவு. பெரும்பாலும் பொருளறிவியல், பொருட் பொறியியல், மின்னணுப் பொறியியல், இயற்பியல், வேதியியல், வேதிப் பொறியியல் ஆகிய பட்டங்களுக்குள் நானோ ஒரு பிரிவாகவோ சில பாடங்களாகவோ இறுதியாண்டு ஆய்வுத் திட்டமாகவோ அமைந்திருக்கும். முழுமையான நானோ ஆய்வு முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும்தான் தொடங்குகிறது.

அதற்கான கழகங்கள் நாட்டில் குறைவில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் நுண்பொறியியல், நானோ மின்னணுவியல் கழகம் இருக்கிறது. பெர்லிஸ் பல்கலைக்கழகத்தில் நானோ மின்னணுப் பொறியியல் கழகமும், புத்ரா பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியல் கழகமும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பம், வினையூக்கவியல் ஆய்வு மையமும் செயல்படுகின்றன. நம் வட்டாரத்துக்கு மிக அருகில் இருப்பது நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். அங்குள்ள பொருள், கனிம வளப் பொறியியல் பள்ளி இந்தத் துறைக்கு நல்ல நுழைவாயில்; பிள்ளையை வார இறுதியில் வீட்டுக்கு அழைத்து வரக்கூடிய தூரம் என்பது தாய்மார்களுக்குக் கூடுதல் ஆறுதல்.

அறிவியல் பட்டமா, பொறியியல் பட்டமா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றன்று. இந்தப் பக்கத்தில் வேறு எந்த விடையைத் தவறவிட்டாலும் இதை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மலேசியாவில் ஒருவர் தம்மைப் பொறியியலாளர் என்று அழைத்துக்கொள்ள, 1967ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு, பொறியியல் அங்கீகார மன்றம் அங்கீகரித்த நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டம் தேவை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் உறுப்பு நாடாக இருப்பதால், அப்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர் உள்ளிட்ட உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. ‘நானோ அறிவியல்’ அல்லது ‘பயன்பாட்டு அறிவியல்’ பட்டம் எவ்வளவு உயர்ந்த தேர்ச்சியோடு பெறப்பட்டாலும் இந்தப் பதிவுக்கு உதவாது.

அதற்காக அறிவியல் பட்டம் தாழ்ந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் நானோ தொழில்நுட்பத்தைத் தனித் துறையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தகுதியுள்ள பட்டதாரி அங்கே பதிந்து, போதிய பணி அனுபவத்துக்குப் பின் தொழில்முறைத் தொழில்நுட்பவியலாளராக உயரலாம். வேதியியல் அடிப்படையில் பட்டம் பெற்றவருக்கு மலேசிய வேதியியல் கழகத்தின் பதிவு இருக்கிறது. ஆய்வு, தரக்கட்டுப்பாடு, ஆசிரியப் பணி ஆகியவற்றில் அறிவியல் பட்டதாரிக்கு எந்தக் குறையும் இல்லை. நான்காண்டு படித்து முடித்த பிறகு, ‘என் பட்டத்துக்குப் பொறியியலாளர் பதிவு கிடைக்காதாமே’ என்று பிள்ளை வந்து நிற்பதுதான் தவிர்க்கப்பட வேண்டியது. சேரும் முன்பே பட்டத்தின் முழுப்பெயரை எழுதி வாங்கி, பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலிலும் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டிலும் தேடிப் பார்த்துவிடுங்கள். இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

எஸ்.பி.எம்.மில் எந்தப் பாடங்கள் தேவை? என் மகன் கூடுதல் கணிதம் எடுக்கவில்லை.

இயற்பியல், வேதியியல், கணிதம், கூடுதல் கணிதம் ஆகிய நான்கும் இருப்பதே நல்லது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பது எல்லோரும் அறிந்ததே. கூடுதல் கணிதம் எடுக்காத மாணவருக்குப் பொறியியலுக்கான நேர்வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். பாலிடெக்னிக் டிப்ளோமாவில் தொடங்கி மேலேறுவதே அவருக்கு ஏற்ற வழி. மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளையாக இருந்தால், நான்காம் படிவத்துக்கான பாடத் தேர்வின்போதே பள்ளியில் பேசிவிடுவது உத்தமம்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு எந்த வழி நல்லது: மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா, டிப்ளோமாவா?

மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டில் முடிகிறது, பொதுப் பல்கலைக்கழகத்துக்கு நேரே கொண்டுசெல்கிறது. பூமிபுத்ரா அல்லாத மாணவர்களுக்கான இடங்கள் குறைவு என்பதே சிக்கல். 10ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று அரசு 2024இல் அறிவித்தது. அந்த எல்லைக்குக் கீழே தேர்ச்சி பெற்றவர் மெட்ரிகுலேஷனை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஆறாம் படிவத்தைப் பற்றி நம் மக்களிடையே நிலவும் அச்சம் சற்று மிகையானது. எஸ்.டி.பி.எம். கடினமானதுதான், ஆனால் 2012 முதல் அது மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு பருவத்தில் சறுக்கியவர் மறுதேர்வு எழுதலாம். உள்ளூர் இடைநிலைப் பள்ளியிலேயே, வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றையும் ஆழமாகப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகும் மாணவர் முதலாண்டில் தடுமாறுவதில்லை என்பதால், இந்தத் துறைக்கு ஆறாம் படிவத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மூயெட் ஆங்கிலத் தேர்வையும் சேர்த்தே எழுத வேண்டும். பொதுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் நூற்றுக்குப் பத்து புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. சாரணர் இயக்கத்திலும் ஓட்டப்பந்தயத்திலும் பெற்ற சான்றிதழ்களைத் தொலைத்துவிட வேண்டாம்.

டிப்ளோமா வழி நீண்டது. ஆனால் மின்னணு அல்லது பொருட் பொறியியல் டிப்ளோமாவோடு பெர்லிஸ் பல்கலைக்கழகம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் சேர்பவர்களின் கைத்திறனை ஆய்வகங்கள் விரும்புகின்றன.

நான்கு ஆண்டுகளில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

முதலாண்டில் நானோ என்ற சொல்லே அதிகம் காதில் விழாது. கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி நிரல் ஆகியவையே இருக்கும். இதனால் மனமொடிந்து வேறு படிப்புக்கு மாற நினைக்கும் மாணவர்கள் உண்டு, அவசரப்பட வேண்டாம். இரண்டாம் ஆண்டில் படிகவியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம் இயற்பியல், பொருள்களின் இயல்புகள் எனத் துறை மெல்ல விரியும். மூன்றாம் ஆண்டில் நானோ பொருள்களை உருவாக்குதல், அளந்தறிதல் ஆகியவற்றோடு தொழிற்சாலைப் பயிற்சியும் வரும். நான்காம் ஆண்டு இறுதி ஆய்வுத் திட்டத்துக்கு உரியது.

ஆய்வக வேலை எப்படி இருக்கும் என்பதற்கு, உலகெங்கும் மாணவர்கள் செய்யும் ஒரு பயிற்சியைச் சொல்லலாம். தங்க உப்பின் வெளிர்மஞ்சள் கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் கொதிக்கவிட்டு, கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். மஞ்சள் மறைந்து நீர்போலத் தெளியும். பிறகு கரைசல் கருநீலமாகக் கறுக்கும். சில நிமிடங்களில் திராட்சை மதுவின் சிவப்புக்குத் திரும்பும். குடுவைக்குள் இப்போது மிதப்பவை ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள். அதில் சிட்டிகை உப்பைப் போட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு சிவப்பு நீலமாகிவிடும். 1951இல் டர்கெவிச் குழுவினர் விளக்கிய முறை இது. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு மூக்கில் விட்டுப் பார்த்த சோதனைக் கருவிகள் பலவற்றில் தெரிந்த சிவப்புக் கோடு இதே வகைத் தங்கத் துகள்களால் ஆனதுதான்.

குடுவையைக் கழுவுவதில் சோம்பல் காட்டினால் இந்தச் சோதனை கெட்டுவிடும். முன்னர் ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத அழுக்கே துகள்களைத் தாறுமாறாக வளரச் செய்யும். இந்தத் துறைக்கு மேதைமையைவிடப் பொறுமையும் சுத்தமும் அதிகம் தேவைப்படுகின்றன.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது முடியுமா?

முடியும். ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு ஐந்தாண்டுகள் இடைநிலைப் பள்ளியில் படித்துத்தானே பிள்ளை வருகிறது. நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கில வாசிப்பை நான்காம் படிவத்திலிருந்தே பழக்குவது அவசியம்.

செலவு எவ்வளவு ஆகும்? உதவி உண்டா?

பொதுப் பல்கலைக்கழகத்தில் கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. குடும்பம் சுமப்பது குறைந்த கட்டணத்தையும் தங்குமிட, உணவுச் செலவையும்தான். தனியார் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. பொறியியல் படிப்புக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். தரும் கடன் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக் கட்டணத்தில் கிடைக்கிறது. முதல் தரத் தேர்ச்சியோடு பட்டம் பெறுவோருக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கும் உண்டு. ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. வழங்கும் கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேம நிதியில் கல்விக்கென எடுக்க இடமுள்ளது. தோட்ட வேலையில் சேர்ந்த தொகை ஓய்வுக்காலத்துக்கு உரியது என்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது.

படித்து முடித்தால் கூலிமில் வேலை கிடைக்குமா?

இந்த வட்டாரத்தில் பிறந்ததன் ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்ததிலிருந்து வடமலேசியா குறைகடத்தித் தொழிலின் இடமாக வளர்ந்துவிட்டது. உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. கூலிமில் சில்லு நிறுவனமான இன்ஃபினியோன் 2006இல் ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான 200 மில்லிமீட்டர் தட்டு (வேஃபர்) ஆலையின் முதற்கட்டத்தையும் தொடங்கியது. சில்லு செய்யும் சில்டெராவும், மென்படலச் சூரியத் தகடு செய்யும் ஃபர்ஸ்ட் சோலாரும் அங்கேயே உள்ளன. 2024 மே மாதத்தில் வெளியான தேசியக் குறைகடத்தித் திட்டம் 60,000 பொறியியலாளர்களைப் பயிற்றுவிக்கப் போவதாகக் கூறுகிறது.

நம் தோட்டங்களிலிருந்து பேக்டரி பஸ் ஏறிப்போய் ஆபரேட்டராக வேலை செய்த பெண்கள் ஏராளம். அதே ஆலைக்குள் பட்டதாரி செய்யும் வேலை வேறு வகையானது. செயல்முறைப் பொறியியலாளர் ஒரு படலம் எத்தனை நானோமீட்டர் தடிமனில் படிகிறது என்று கண்காணித்து, அது எல்லை மீறும்போது எந்தக் கருவியில், எந்த வாயுவில், எந்த வெப்பநிலையில் பிழை என்று தேடுகிறார். பழுதாய்வுப் பொறியியலாளர் கெட்டுப்போன சில்லை வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார். அளவீடு, தரக்கட்டுப்பாடு, கருவி விற்பனை ஆகியவற்றிலும் இடமுண்டு.

தூய்மை அறைக்குள் நுழைவது தனிச் சடங்கு. தலைமுதல் கால்வரை மூடும் ஆடை, இரட்டைக் கையுறை, முகமூடி, காற்றுக் குளியல் எல்லாம் முடிந்த பிறகே கதவு திறக்கும். ஐ.எஸ்.ஓ. 5 தர அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. முகப்பவுடரும் மையும் கூடாது. நெற்றியில் திருநீறு இட்டிருந்தால் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். ஒளியால் தட்டின்மேல் வடிவம் பதிக்கும் ஒளிவரைவு நடக்கும் பகுதியில் விளக்குகள் மஞ்சளாக இருக்கும், ஏனெனில் தட்டின்மேல் பூசிய ஒளியுணர் பூச்சு நீல, புற ஊதா ஒளி பட்டால் கெட்டுவிடும்.

ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. இந்த ஆலைகள் பெரும்பாலும் ‘நானோ பட்டதாரி தேவை’ என்று விளம்பரம் செய்வதில்லை. மின்னணு, பொருள், வேதி, இயந்திரப் பொறியியல், இயற்பியல் என்றே கேட்கின்றன. அடிப்படைத் துறையின் பெயர் பட்டத்தில் இருக்க வேண்டும் என்று மேலே வலியுறுத்தியது இதனால்தான்.

பெண்பிள்ளைகளுக்கு ஏற்றதா?

முழுமையாக ஏற்றது. உற்பத்திப் பிரிவில் சில வேலைகள் ஷிப்டு முறையில் இருக்கும். ஆய்வு, வடிவமைப்பு, அளவைப் பிரிவுகளில் பெரும்பாலும் பகல் வேலைதான்.

நானோ துகள்கள் உடலுக்குக் கெடுதி என்கிறார்களே?

பொடியாகக் காற்றில் பறக்கும் நானோ துகள்களை மூச்சில் இழுப்பது ஆபத்தே. நீண்டு விறைத்த சில வகைக் கரி நானோ குழல்கள் விலங்குச் சோதனைகளில் கல்நார் போன்ற பாதிப்பை உண்டாக்கியதாக 2008 முதல் ஆய்வுகள் வந்துள்ளன. அதனால் உலர்பொடி வேலையை வாயு உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டுமே செய்யக் கற்றுத்தருகிறார்கள். முறைப்படி வேலை செய்யும் மாணவர் அஞ்ச வேண்டியதில்லை.

‘நானோ’ வளையல், ‘நானோ’ தண்ணீர் என்று விற்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. எந்தத் துகள், எத்தனை நானோமீட்டர், எந்தக் கருவியால் அளந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், விடை வராது.

தமிழ்நாட்டில் நானோ தொழில்நுட்பம் படிக்கலாமா?

அங்கே எஸ்.ஆர்.எம். போன்ற பல்கலைக்கழகங்கள் நானோ தொழில்நுட்பம் என்ற பெயரிலேயே பி.டெக். நடத்துகின்றன. இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் எல்லாக் கல்லூரிகளின் எல்லாப் படிப்புகளும் அதில் அடங்கமாட்டா. குறிப்பிட்ட அந்தப் படிப்பு, பிள்ளை சேரும் அந்த ஆண்டில் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று மலேசியப் பொறியியலாளர் வாரியத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்க வேண்டாம்.

பல்கலைக்கழகத் திறந்த நாளுக்குப் போனால் என்ன கேட்க வேண்டும்?

கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதில் பயனில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வளாகத்தில் இருக்கிறதா, அதை இளங்கலை மாணவர் தாமே இயக்க அனுமதி உண்டா அல்லது உதவியாளர் இயக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேளுங்கள். தொழிற்சாலைப் பயிற்சிக்குச் சென்ற ஆண்டு மாணவர்கள் எந்த ஆலைகளுக்குப் போனார்கள், இடத்தைப் பல்கலைக்கழகம் தேடித் தருமா, மாணவரே தேட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். அங்கே நிற்கும் மூத்த மாணவர் ஒருவரைத் தனியே அழைத்து, இறுதியாண்டு ஆய்வுக்கு என்ன செய்தார் என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். அவர் விளக்குவதைக் கேட்கும்போது பிள்ளையின் முகம் மலர்கிறதா, கொட்டாவி விடுகிறதா என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.